மூன்று பின், நான்கு பின்: கணினி ஃபேனின் கடிவாளம் யார் கையில்?

பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். மேசைக்குக் கீழே 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம் எழும்பி, இரண்டு மூன்று நொடியில் அடங்குகிறது. அடுத்த பக்கம், மறுபடி 'உய்ய்ய்'. ஃபேன் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தால் கால் மணி நேரத்தில் காது அதை மறந்துவிடும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடும்போதுதான் எரிச்சல் வருகிறது.

இதைச் சரிசெய்ய உட்காருகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது மூன்று பின் ஃபேனா, நான்கு பின் ஃபேனா (பின் என்றால் ஃபேனை மதர்போர்டில் செருகும் முனையில் உள்ள கம்பி) என்ற வழக்கில்தான். நானும் அதில் நாள்கணக்கில் கிடந்தேன். இன்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஃபேன் எந்த வெப்பநிலையைப் பார்த்து ஓடுகிறது, எவ்வளவு நிதானமாக வேகத்தை மாற்றுகிறது என்பவைதான் காதுக்குத் தெரியும்; எத்தனை பின் என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. ஆனாலும் பின்கள் உண்மையிலேயே முக்கியமாகிற சில இடங்கள் உண்டு. அவை தெரியாமல் வாங்கினால் காசு வீண்.

ஆக, முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. வேகத்தை எந்த வழியில் குறைப்பது என்பது ஒன்று. எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை யாரிடம் விடுவது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

குறைப்பதில் என்ன லாபம்?

ஃபேன்களுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் கூடும் குறையும். அழுத்தம் வேகத்தின் இருமடியாகவும், இழுக்கும் மின்சக்தி மும்மடியாகவும் மாறும். 1200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1200 சுற்று) ஓடும் ஃபேனை 600-க்கு இறக்கினால் காற்று பாதியாகிறது, காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிறது, சத்தம் தோராயமாக 15 டெசிபல் இறங்குகிறது. 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். பாதிக் காற்றைக் கொடுத்துவிட்டு இவ்வளவு அமைதியை வாங்குவது நல்ல வியாபாரம்தான், ஏனென்றால் கணினி பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. பிராசஸர் 45 டிகிரியில் இருந்தால் என்ன, 55-இல் இருந்தால் என்ன? இன்றைய டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவும் 95, 100 டிகிரியைத் தொட்ட பிறகுதான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

ரெசிஸ்டர் போட்ட கேபிள்

மிக மலிவான வழி இதுதான். ஃபேனுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் ஒரு குட்டிக் கேபிள், அதற்குள் ஒரு ரெசிஸ்டர். அது கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும், மீதிதான் ஃபேனுக்கு. சில ஃபேன்களின் பெட்டியிலேயே இந்தக் கேபிள் இலவசமாக வரும். பழைய ஆட்கள் இன்னொரு வித்தை வைத்திருந்தார்கள். பவர் சப்ளையின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். தரை (கிரவுண்ட்) வயரான கருப்பு வயரை விட்டுவிட்டு மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஃபேனைக் கட்டினால் 7 வோல்ட் கிடைக்கும். செய்து பார்க்காதீர்கள். ஃபேனின் மின்சாரம் தரைக்குப் போகாமல் 5 வோல்ட் லைனுக்குள் போய் விழுகிறது. ஃபேன் உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக அந்த லைனில் ஏறும்.

ரெசிஸ்டரின் குறை வேறு. அதற்குச் சூடும் தெரியாது, சுமையும் தெரியாது. வேலை கூடினாலும் ஃபேன் முழு வேகத்தை எட்டாது. எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்றால் அதிகபட்சமே 800 ஆர்பிஎம் உள்ள ஃபேனை வாங்கி மாட்டுவது மேல்.

வோல்டேஜைக் குறைப்பது: மூன்று பின்

மூன்று பின் ஃபேனில் தரை, 12 வோல்ட், வேகம் சொல்லும் வயர் என மூன்று வயர்கள். மூன்றாவது வயரில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் மதர்போர்டுக்குப் போகும். நொடிக்கு 40 துடிப்பு வந்தால் 20 சுற்று, நிமிடத்துக்கு 1200. பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அமைப்பு மென்பொருள்) திரையில் நீங்கள் பார்க்கும் எண் இப்படி எண்ணப்பட்டதுதான். வேகத்தைக் குறைக்க மதர்போர்டு 12 வோல்ட்டை 9, 7, 5 என்று இறக்குகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஃபேனுக்குள் இருப்பது வெறும் மோட்டார் இல்லை. நடுவில் செப்புச் சுருள்கள், அவற்றைச் சுற்றி ஓடும் காந்த வளையம், காந்தத்தின் எந்தத் துருவம் எதிரே வருகிறது என்று பார்க்கும் ஹால் சென்சார், அதற்கேற்ப சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றிவிடும் ஒரு சின்ன ஐசி, அதாவது சில்லு. வோல்டேஜைக் குறைக்கும்போது மோட்டாரோடு சேர்த்து இந்த ஐசியையும் சென்சாரையும் பட்டினி போடுகிறோம். அதனால் ஓரளவுக்குக் கீழே ஃபேன் மெதுவாகாமல் நின்றே போகும்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை 4 வோல்ட் வரைகூட இறக்க முடியலாம். ஆனால் நின்ற ஃபேன் அதே 4 வோல்ட்டில் எழும்பாது, அதற்கு 5 வேண்டும், 6 வேண்டும், சிலதுக்கு 7 வேண்டும். சுழலும் திருகைக் கல்லைத் தொடர்ந்து சுற்றுவது சுலபம், நின்ற கல்லை அசைப்பதுதான் கஷ்டம். பல மதர்போர்டுகள் ஆன் ஆனதும் ஒரு நொடி முழு 12 வோல்ட்டைக் கொடுத்துத் தள்ளிவிடுவது இதனால்தான். ரெசிஸ்டர் கேபிள் போட்டிருந்தால் அந்தத் தள்ளலிலும் பாதி போய்விடும்.

அதற்காக மூன்று பின் மட்டம் என்று சொல்ல வரவில்லை. கேபினட்டின் முன்னும் பின்னும் காற்றை ஓட்டும் ஃபேன்களுக்கு 5 முதல் 12 வோல்ட் வரையிலான வீச்சே தாராளம். 200 ஆர்பிஎம்மில் ஓடும் கேபினட் ஃபேனால் யாருக்கு என்ன பயன்?

நான்காவது வயர்

நான்கு பின் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் குறையாமல் போகிறது. கட்டளை மட்டும் நான்காவது வயரில் தனியாகப் போகிறது. இதைத்தான் பிடபிள்யூஎம் என்கிறோம். சிக்னல் ஒரு நொடிக்கு 25 ஆயிரம் தடவை எழுந்து விழும். ஒரு சுழற்சிக்கு 40 மைக்ரோ நொடி. அதில் பாதி நேரம் எழுந்து நின்றால் 50 சதவீதம், கால்வாசி நின்றால் 25. 1200 ஆர்பிஎம்மில் ஓடும் ஃபேன் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் இந்தச் சிக்னல் 1250 தடவை எழுந்து விழுந்துவிடும். இறக்கைக்கு இந்த நடுக்கம் தெரியவே தெரியாது, சராசரிதான் தெரியும்.

ஏன் 25 கிலோஹெர்ட்ஸ்? மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. இன்டெல் இந்த நான்கு வயர் ஏற்பாட்டுக்கு வகுத்த விதிமுறையில் 21 முதல் 28 வரை அனுமதி, 25 இலக்கு. அதற்கு முன்பு சில கருவிகள் ஃபேனுக்குப் போகும் 12 வோல்ட்டையே நொடிக்குச் சில டஜன் தடவை வெட்டி வெட்டிக் கொடுத்தன. 'டக டக' என்ற ஒரு முணுமுணுப்பு கேட்கும். ஒவ்வொரு வெட்டிலும் ஐசிக்கும் மின்சாரம் போய்விடுவதால் வேகம் சொல்லும் வயர் உளறும். நான்காவது வயர் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. மின்சாரம் தடைபடுவதில்லை, சுருளை எப்போது ஆன் ஆஃப் செய்வது என்று ஃபேனின் ஐசியே பார்த்துக்கொள்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. கட்டளை வயர் அறுந்தாலும் கழன்றாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடும், பிராசஸர் வேகாது. வோல்டேஜ் முறையில் கண்ட்ரோல் எங்காவது கீழேயே சிக்கிக்கொண்டால் அமைதியாக நின்றுவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிராசஸர் ஹீட்சிங்க்கின் (அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி) மேல் இருக்கும் ஃபேன் மட்டும் கட்டாயம் நான்கு பின்னாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. மதர்போர்டின் ஒரு ஃபேன் ஹெடர் (ஃபேனைச் செருகும் இடம்) பொதுவாக 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், 0.2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் நான்கு ஃபேனுக்கு 0.8 ஆகிவிடும். கிளம்பும் நேரத்தில் அதைவிடக் கூடுதலாகவும் இழுக்கலாம். மூன்று பின் ஃபேன்களை ஸ்பிளிட்டர் (ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் கேபிள்) போட்டு இணைத்தால் அத்தனை மின்சாரமும் அந்த ஒரே ஹெடர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். நான்கு பின் என்றால் ஒரு ஹப் (பல ஃபேன்களைச் செருகும் சின்னப் பலகை) வாங்கி, மின்சாரத்தை நேராகப் பவர் சப்ளையின் சாட்டா கனெக்டரிலிருந்து எடுத்துக்கொண்டு, மதர்போர்டிலிருந்து கட்டளையை மட்டும் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஆறு ஃபேன் மாட்டப் போகிறீர்கள் என்றால் வேறு பேச்சே வேண்டாம், நான்கு பின்தான். ஹப்பில் ஒரே ஒரு ஃபேனின் வேகம்தான் மதர்போர்டுக்குத் தெரியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மற்ற ஐந்தில் ஒன்று நின்றாலும் திரையில் எல்லாம் நலமே என்று காட்டும்.

செவிடன் காதில் ஊதிய சங்கு

மூன்று பின் ஃபேனை நான்கு பின் ஹெடரில் செருக முடியும், நான்காவது பின் காலியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நான் அப்படித்தான் ஒரு பின்பக்க ஃபேனைச் செருகியிருந்தேன். பயாஸில் ஃபேன் கர்வை (எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) பிடித்து இழுத்து, வளைத்து, தரைமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். ஃபேன் அசரவில்லை. ஆன் செய்த நொடியிலிருந்து அணைக்கும் வரை ஒரே ஓட்டம், முழு வேகம். மூன்று வாரம் ஃபேனைத் திட்டினேன். புதிதாக ஒன்று வாங்கவும் தயாராகிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் அதே திரையின் மூலையில் 'ஆட்டோ, டிசி, பிடபிள்யூஎம்' என்று ஒரு சின்னத் தேர்வு கண்ணில் பட்டது. அது பிடபிள்யூஎம்மில் நின்றுகொண்டிருந்தது. மதர்போர்டு 12 வோல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வயரே இல்லாத நான்காவது பின்னில் மூன்று வாரமாகக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. டிசிக்கு, அதாவது வோல்டேஜைக் குறைக்கும் முறைக்கு, மாற்றிய கையோடு ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டது போல இறங்கியது. ஒரு பைசா செலவில்லை.

தலைகீழாகவும் நடக்கும். நான்கு பின் ஃபேனை டிசி முறையில் ஓட்டினாலும் பெரும்பாலும் ஓடும், ஆனால் அதன் ஐசிக்குக் குறைந்த வோல்டேஜ் பிடிக்காமல் சீக்கிரமே நின்றுவிடலாம். 'ஆட்டோ' சரியாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பி விட்டுவிடாமல், மாட்டியதைப் பார்த்து நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

யார் முடிவு செய்வது?

கையால் திருகும் கண்ட்ரோலரை இரண்டே வரியில் முடித்துவிடலாம். திருகுவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு குறைத்து வைத்ததை மறந்துவிட்டு மறுநாள் மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் ஓட்டுவீர்கள். ஃபேனிலேயே தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் சென்சார்) பொருத்தி வருபவை உண்டு. அவை தம் மேல் படும் காற்றின் சூட்டைத்தான் பார்க்கும், பிராசஸரை அல்ல.

மிஞ்சுவது பயாஸும் மென்பொருளும். ஆசூஸ் மதர்போர்டில் க்யூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே கர்வ். இத்தனை டிகிரிக்கு இத்தனை சதவீதம். பயாஸில் போட்டது விண்டோஸ் வந்தாலும் லினக்ஸ் வந்தாலும், ஆபரேட்டிங் சிஸ்டமே தொங்கி நின்றாலும் வேலை செய்யும். மதர்போர்டில் இருக்கும் ஒரு தனிச் சில்லு அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஆரம்பத்தில் சொன்ன 'உய்ய்ய்' பிறப்பது இங்கேதான். பிராசஸரின் சென்சார் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் அங்கே ஒரு நொடிக்குள் 15, 20 டிகிரி எகிறிவிடும், வேலை முடிந்ததும் அதே வேகத்தில் விழும். ஆனால் ஃபேன் குளிர்விப்பது அந்தச் சென்சாரை இல்லை, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செம்பும் அலுமினியமுமான ஹீட்சிங்க்கை. அவ்வளவு உலோகம் சூடேறப் பல பத்து நொடிகள் ஆகும். சில்லு எகிறிய அந்த நொடியில் ஹீட்சிங்க் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது. அப்போது ஃபேனை முடுக்கினால் குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்று வீசுவதுதான் மிச்சம். சத்தம் மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

அதனால் ஃபேனைச் சோம்பேறியாக்குங்கள். பயாஸில் ஸ்டெப் அப், ஸ்மூத்திங், டிலே என்று ஏதாவது ஒரு பெயரில் தாமதம் கொடுக்க இடம் இருக்கும். ஏறுவதற்கு 5 முதல் 10 நொடி வையுங்கள், இறங்குவதற்கு அதைவிட அதிகம். ஹிஸ்டெரிசிஸ் என்று இருந்தால் 3 முதல் 5 டிகிரி. அதாவது 60-இல் ஏறிய ஃபேன் 59-க்கே இறங்காது, 56 வரை காத்திருக்கும். கர்வையும் மலைச்சரிவு மாதிரி போடாமல் படிக்கட்டு மாதிரி போடுங்கள். 55 டிகிரி வரை அசையாத 35 சதவீதம், 70-க்கு 55, 85-க்கு முழு வேகம் என்பது எனக்குப் பிடித்த தொடக்கம். உங்கள் ஹீட்சிங்க்குக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும்.

இன்னொரு கைவேலை இருக்கிறது, பலர் செய்வதில்லை. கேபினட்டின் பக்கத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வேகத்தை ஐந்தைந்து சதவீதமாக ஏற்றுங்கள். ஏதோ ஒரு இடத்தில் தகடு 'ம்ம்ம்' என்று கூடவே பாட ஆரம்பிக்கும், இன்னும் ஐந்து ஏற்றினால் அடங்கிவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கர்வின் எந்தப் படியும் அங்கே நிற்காதபடி தள்ளிப் போடுங்கள். ஒரே மாதிரி இரண்டு ஃபேன்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடினால் 'வூம்... வூம்...' என்று சத்தம் அலையாக வரும். ஒன்றை நூறு ஆர்பிஎம் தள்ளி வைத்தால் போதும்.

மென்பொருள் எப்போது வேண்டும்? கிராபிக்ஸ் கார்டு கடுமையாக வேலை செய்யும் கணினியில்தான். கேம் ஆடும்போது கேபினட்டுக்குள் சூட்டைக் கொட்டுவது பெரும்பாலும் அந்தக் கார்டுதான், ஆனால் பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸுக்கு அதன் வெப்பநிலை தெரியாது. பிராசஸரைப் பார்த்து ஓடும் கேபினட் ஃபேன் அங்கே குருட்டாம்போக்கில் ஓடுகிறது. விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஃபேன்கண்ட்ரோல் மாதிரி ஒரு மென்பொருளில் பிராசஸருக்கு ஒரு கர்வ், கார்டுக்கு ஒரு கர்வ் போட்டு, இரண்டில் எது அதிகமோ அதைக் கேபினட் ஃபேனுக்குக் கொடு என்று சொல்லிவிடலாம். இதைப் பயாஸில் செய்ய வழியில்லாதபோது மென்பொருள்தான் கதி.

லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் என்ற மென்பொருளும் அதோடு வரும் பிடபிள்யூஎம்கான்ஃபிக், ஃபேன்கண்ட்ரோல் என்ற ஸ்கிரிப்ட்களும் இருக்கின்றன (விண்டோஸ் மென்பொருளின் பெயரும் இதுவே, ஆனால் இரண்டும் வேறு). முதல் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திப் பார்த்து, எந்தக் கட்டளைக்கு எது அடங்குகிறது என்று கண்டுபிடிக்கும். சதவீதத்துக்குப் பதில் 0 முதல் 255 வரையிலான எண்கள். எழும்பத் தேவையான அளவு, நிற்கும் அளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் பதிந்துகொள்ளும். மேலே சொன்ன 4 வோல்ட், 6 வோல்ட் கதைதான் அங்கே இரண்டு எண்களாக உட்கார்ந்திருக்கிறது.

மென்பொருளின் ஆபத்து என்னவென்றால், அது செத்துப்போனால் ஃபேன் கடைசியாகக் கேட்ட கட்டளையிலேயே நிற்கக்கூடும். கணினி தூங்கி எழுந்த பிறகு தடுமாறுவதும் உண்டு. மதர்போர்டு நிறுவனத்தின் மென்பொருளும் இதுவும் ஒரே சில்லிடம் மாறி மாறிக் கட்டளை கொடுத்தால், இரண்டு மாமியார் உள்ள வீடு மாதிரி ஆகிவிடும். ஒன்றை எடுத்துவிடுங்கள். எதுவானாலும், பயாஸில் பாதுகாப்பான ஒரு கர்வை முதலில் போட்டுவிட்டு அதற்கு மேல்தான் மென்பொருள்.

எது உங்களுக்கு?

எழுத்து, பிரவுசர், படம் பார்ப்பது என்று ஓடும் கணினி என்றால் இருக்கிற ஃபேன்களே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பயாஸில் அரை மணி நேரம் உட்காருங்கள். பழைய மூன்று பின் ஃபேன்களைத் தூக்கிப் போடாதீர்கள், டிசி முறையில் இன்னும் பல வருடம் ஓடும். மதர்போர்டின் ஹெடரில் டிசி முறையே இல்லை என்றால் மட்டும் கேபினட்டுக்கும் நான்கு பின் வாங்குங்கள். நான்கைந்து ஃபேனுக்கு மேல் போனால் நான்கு பின்னும் ஹப்பும். கேம், முப்பரிமாண வேலை என்று கார்டை வாட்டுபவர்களுக்கு மென்பொருளும் சேர்த்து. தண்ணீரால் குளிர்விப்பவர்கள் பம்ப்பை இந்த விளையாட்டில் சேர்க்காமல் தனி ஹெடரில் தயாரிப்பாளர் சொன்ன வேகத்தில் விட்டுவிட்டு, ரேடியேட்டர் ஃபேனுக்கு முடிந்தால் தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டுங்கள். அது தானாகவே நிதானமானது. லேப்டாப்பில் இதையெல்லாம் அதன் உள் கண்ட்ரோலர் தன் இஷ்டத்துக்குப் பார்த்துக்கொள்ளும், நம் கை அதிகம் எட்டாது.

என் கணினியில் இப்போது பிராசஸர் மேல் ஒரு நான்கு பின் ஃபேன், கேபினட்டில் அந்தப் பழைய மூன்று பின் ஃபேனும் அதன் ஜோடியும். எல்லாம் பயாஸ் கர்வில். எழும்பும் வோல்டேஜுக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கீழ் எல்லையை வைத்திருக்கிறேன், ஏனென்றால் பேரிங் பழசாகி, இறக்கையில் தூசி ஏறிய பிறகு இன்று எழும்புகிற அளவில் ஃபேன் எழும்பாது. அமைத்து முடித்ததும் கணினியை அணைத்துவிட்டு, இரவெல்லாம் குளிரவிட்டு, காலையில் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து ஆன் செய்தேன். மூன்றும் சுற்றுகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தகட்டை மூடினேன்.